கல்லூரியில் இருக்கும்போதே தொழில் பழகுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த வகுப்பு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் உடல்சூடு தணியாமல் காக்கும் இன்குபேட்டர் ஒன்று அப்போது சுமார் 20,000 டாலர் ஆனது. அதையே மிகச் சொற்பச் செலவில் செய்து காட்டுங்கள் என்பதுதான் அந்த மாணவர்களுக்குத் தரப்பட்ட புராஜெக்ட். ஒரு குழுவில் எம்பிஏ படிப்பவரும் இருந்தார், எலக்ட்ரிக்கல், கணினி அறிவியல் படிப்பவர்களும் இருந்தார்கள். இருக்கிற இயந்திரத்தில் பாகங்களைக் குறைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

அப்புறம் குழுவில் ஒருவர் நேபாளத்துக்கே போய்ப் பார்த்தார். நகர மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் சும்மா கிடந்தன. காப்பாற்ற வேண்டிய குழந்தைகளோ, மருத்துவமனைக்கு வந்து சேரவே முடியாத கிராமங்களில் பிறந்துகொண்டிருந்தன. அந்த ஒரு பயணத்தில் கேள்வியே மாறிவிட்டது. மின்சாரத்தை நம்ப முடியாத ஒரு வீட்டில், தாயே பயன்படுத்தக்கூடியது எது? தூங்கும் பை போன்ற ஒன்றைச் செய்தார்கள். அதற்குள் மெழுகு மாதிரியான பொருள் நிரப்பிய உறை. ஒருமுறை சூடாக்கி வைத்தால் சில மணி நேரம் உடல் வெப்பமான 37 டிகிரியிலேயே நிற்கும். எம்ப்ரேஸ் என்ற நிறுவனம் இப்படித்தான் பிறந்தது.

இதில் கல்லூரியின் பங்கு என்ன? ஒரு நல்ல கேள்வி, வேறு துறை நண்பர்கள், வெளியே போய்ப் பார்க்க ஒரு காரணம். இந்த மூன்றில் கடைசியைத்தான் பெரும்பாலான மாணவர்கள் வீணாக்குகிறார்கள். “நான் மாணவன், ஒரு புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன்” என்று சொன்னால் மேலாளர், மருத்துவர், தொழிற்சாலைக்காரர், கடை முதலாளி என்று யாரும் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். பட்டம் வாங்கிய மறுநாள் அதே கேள்வியோடு போனால் எதையோ விற்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். மாணவர் அடையாள அட்டைக்கு இருக்கும் இந்த மதிப்பு சில வருடங்கள்தான். அதற்குள் என்னென்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில், அவசரத்தை விடுங்கள்

ஹாஸ்டல் அறையில் நிறுவனம் தொடங்கி இருபது வயதில் கோடீஸ்வரர் ஆனவர்களின் கதைகள் நம்மை ஆட்டிப்படைக்கின்றன. உண்மை நிலவரம் வேறு. அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனங்களின் தரவுகளைப் பியர் அசுலே என்ற பொருளியலாளரும் அவரது சகாக்களும் ஆராய்ந்தார்கள். நிறுவனம் தொடங்கியபோது நிறுவனர்களின் சராசரி வயது சுமார் 42. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களை மட்டும் எடுத்தால் 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. படிப்பு முடிவதற்குள் நிறுவனம் தொடங்கியே ஆக வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை என்பதற்காகத்தான். கல்லூரியில் பழகுவது இருபது வருடம் கழித்துக்கூடக் கைகொடுக்கும். தொடங்கினாலும் சரி, தொடங்காவிட்டாலும் சரி, பழகுவது வீண்போகாது.

சொந்தப் பாடத்தில் ஆழமாக இறங்குங்கள்

தொழில்முனைவு வகுப்புகள் இன்று எங்கும் உண்டு. இது புதிதும் அல்ல. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் 1947-லேயே, போரிலிருந்து திரும்பி வந்து படித்த மாணவர்களுக்கு, புதிய நிறுவனங்களை நடத்துவது பற்றி ஒரு பாடம் எடுத்தார். அந்த வகுப்புகள் பயனுள்ளவைதான். ஆனால் விற்கத்தக்க அறிவு உங்கள் சொந்தத் துறையிலிருந்துதான் வரும். கூகுள் வணிக வகுப்பில் பிறக்கவில்லை. 1996 வாக்கில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்தது. இணையப் பக்கங்கள் ஒன்றையொன்று எப்படிச் சுட்டுகின்றன என்று தோண்டியவர்களுக்குத்தான் தேடுதலின் குறை கண்ணில் பட்டது.

ஆகவே வேதியியல் படிக்கிறவர் வேதியியலை விட்டுவிட்டு மார்க்கெட்டிங் வீடியோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதன் பக்கத்தில் மூன்று சங்கதிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடிப்படைக் கணக்குப்பதிவு, புள்ளியியல், தெளிவாக எழுதுவது. விருப்பப் பாடமாகக் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் வேறு துறை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். நிறைய ஆசிரியர்கள் சரி என்பார்கள்.

கணக்குப்பதிவை ஏன் முதலில் சொன்னேன்? ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். கையில் 2,000 இருக்கிறது. 10,000-க்குப் பொருள் வாங்கி 14,000-க்கு விற்றுவிட்டீர்கள். ஏட்டில் 4,000 லாபம். ஆனால் உங்களிடம் வாங்கியவர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார். உங்களுக்குப் பொருள் கொடுத்தவரோ 15-ஆம் நாள் வந்து நிற்பார். அன்றைக்கு உங்களுக்கு 8,000 துண்டு விழும். லாபத்தில் ஓடும் தொழில் பணமில்லாமல் மூடப்படுவது இப்படித்தான். லாபம் வேறு, கையில் உள்ள பணம் வேறு என்பதை வகுப்பறையில் தெரிந்துகொள்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஐடியாவைத் தேடாதீர்கள், ஆட்களைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இந்தப் பகுதியைச் செய்யுங்கள்.

பல நிறுவனங்களைத் தொடங்கி நடத்திய ஸ்டீவ் பிளாங்க் 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு புது வகைப் பாடத்தைத் தொடங்கினார். உட்கார்ந்து வணிகத் திட்டம் எழுதுவது அங்கே இல்லை. மாணவர்கள் வாராவாரம் வெளியே போய் வாடிக்கையாளர்களைச் சந்தித்துவிட்டு வந்து, கேட்டதை வகுப்பில் சொல்ல வேண்டும். பாடம் முடிவதற்குள் ஒரு குழு சுமார் நூறு பேரிடம் பேசியிருக்கும். அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஆய்வகக் கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுபோக நினைக்கும் விஞ்ஞானிகளுக்காக இந்த முறையைக் கையில் எடுத்தது.

உங்கள் கல்லூரியில் இந்தப் பாடம் இல்லையா? பரவாயில்லை. நீங்களே செய்யலாம். ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய பாடப்புத்தகங்களை வாங்க விற்க ஒரு ஆப் செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்புத் தோழியிடம் இப்படிக் கேட்கிறீர்கள்:

“பழைய புத்தகம் வாங்க ஒரு ஆப் இருந்தா யூஸ் பண்ணுவியா?”

“சூப்பர் ஐடியா! கண்டிப்பா பண்ணுவேன்.”

இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. நட்புக்காகச் சொன்ன பதில் அது. இதே உரையாடலை வேறு மாதிரி தொடங்குங்கள்:

“போன செமஸ்டர் புத்தகமெல்லாம் எப்படி வாங்கின?”

“பாதி சீனியர் அக்கா சும்மாவே கொடுத்தாங்க. ஒண்ணு மட்டும் புதுசா வாங்கினேன்.”

“ஏன் அது மட்டும்?”

“புதுப் பதிப்புதான் வேணும்னு சார் சொல்லிட்டார். பழசுல பயிற்சிக் கணக்கோட எண்ணெல்லாம் மாறியிருக்காம். அசைன்மென்ட்ல தப்பா போட்டுட்டா என்ன பண்றது?”

இப்போது பாருங்கள். புத்தகம் கிடைப்பது அவளுக்குப் பிரச்சினையே இல்லை. பழைய பதிப்பை நம்பிப் படிக்கலாமா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு பதிப்புகளிலும் எந்தக் கணக்கு எந்த எண்ணுக்கு மாறியிருக்கிறது என்று காட்டும் இரண்டு பக்கப் பட்டியல் இருந்தால் அவள் புதுப் புத்தகம் வாங்கியே இருக்க மாட்டாள். ஆப் தேவையில்லை. கணக்குகளை அப்படியே நகல் எடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வரும், அதனால் எண்களை மட்டும் ஒப்பிட வேண்டும். பிரச்சினை எவ்வளவு சிறியதாகவும் துல்லியமாகவும் மாறிவிட்டது பாருங்கள்.

கேட்கும்போது இவற்றை மட்டும் மனதில் வையுங்கள். நடந்ததைக் கேளுங்கள், நடக்கப்போவதைக் கேட்காதீர்கள். உங்கள் ஐடியாவைக் கடைசிவரை வெளியே விடாதீர்கள், விட்டால் எதிரில் இருப்பவர் அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார். இந்தப் பிரச்சினைக்காக இதுவரை பணமோ நேரமோ செலவழித்திருக்கிறாரா என்று பாருங்கள். செலவழிக்கவே இல்லை என்றால் அது அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள், அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரவில் எழுதினால் நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதிவிடுவோம். இது எல்லோருக்கும் நடக்கும்.

வாரம் ஐந்து பேர். ஒரு செமஸ்டரில் அறுபது, எழுபது பேர் ஆகிவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேராவது உங்கள் வயதும் வகுப்பும் அல்லாதவர்களாக இருக்கட்டும்.

அறிமுகமில்லாத ஒருவருக்கு எதையாவது விற்றுப் பாருங்கள்

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உண்மையாகவே ஒரு சிறு தொழில் தொடங்க வேண்டும். முதல் பணம் கல்லூரி தரும் கடன். ஆண்டு முடிவில் கடையை மூடி, கணக்கு முடித்து, கடனைத் திருப்பித் தந்துவிட வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மூடுவதும் பாடத்தில் சேர்த்தி என்பதுதான். மீந்த சரக்கை என்ன செய்வது, யாருக்கு எவ்வளவு பாக்கி, குழுவுக்குள் மனக்கசப்பு இல்லாமல் எப்படிப் பிரிவது என்பதையெல்லாம் வேறு எங்கே கற்றுத்தருகிறார்கள்?

உங்களுக்குக் கல்லூரி கடன் தராமல் இருக்கலாம். அதனால் தொகையைச் சிறிதாக வையுங்கள். சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர் அனுபவமிக்க தொழில்முனைவோர் 27 பேர் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். எவ்வளவு லாபம் வரும் என்ற கணிப்பிலிருந்து அவர்கள் தொடங்குவதில்லை என்று கண்டார். கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், எவ்வளவு போனால் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையும் நேரமும் எவ்வளவு என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். பெற்றோரின் சேமிப்பும் அடுத்த செமஸ்டர் கட்டணமும் அந்தத் தாளுக்குள் வரவே கூடாது.

நம்முடைய எடுத்துக்காட்டுக்கே வருவோம். ஒரே ஒரு புத்தகம், ஒரே ஒரு பட்டியல். இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒரு வார இறுதியில் ஒப்பிட்டுவிடலாம். அச்சடிக்கும் முன்பே விலை சொல்லிப் பத்துப் பேரிடம் முன்பணம் கேளுங்கள். எட்டுப் பேர் “அப்புறம் பார்க்கலாம்” என்றால் நீங்கள் இழந்தது ஒரு வார இறுதி மட்டும். பத்தில் ஆறு பேர் பணம் எடுத்துக் கொடுத்தால் இரண்டாவது புத்தகத்துக்குப் போகலாம். பணம் கேட்கும்போது தொண்டை அடைக்கும், முகம் சூடாகும். அந்தக் கூச்சம் முதல் ஐந்து பேரோடு பெரும்பாலும் போய்விடும். அதை இங்கேயே கழித்துக்கொள்வது எவ்வளவோ நல்லது.

கூட்டாளி என்றால் தாளில் எழுதுங்கள்

ஒரே வகுப்பு நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் நாலு பேருக்கும் ஒரே திறமைதான் இருக்கும். வேறு துறை ஆளைத் தேடுங்கள். நாடகக் குழு, விளையாட்டு அணி, நூலகம், எங்கே வேண்டுமானாலும் கிடைப்பார்கள். முதலில் ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்துபாருங்கள். சொன்ன நாளில் சொன்னதைச் செய்கிறாரா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

ஒத்துவந்தால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்னாப்சாட் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடையே 2011-இல் முளைத்தது. ஆரம்பத்தில் உடனிருந்த ஒரு மாணவர் பிரிந்துபோய், தானும் நிறுவனர்தான் என்று வழக்குத் தொடர்ந்தார். 2014-இல் சமரசமானது. அதற்காக 15.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது பின்னர் நிறுவனத்தின் பங்கு வெளியீட்டு ஆவணங்களில் தெரியவந்தது. ஒரு பக்கத் தாள் ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் யார் யாருக்கு என்ன என்ற கேள்வி அவ்வளவு தூரம் போயிருக்காது.

அந்தத் தாளில் என்ன எழுதுவது? யாருக்கு என்ன வேலை, யாருக்கு எத்தனை சதவீதம், ஒருவர் விலகினால் என்ன ஆகும், கருத்து வேறுபட்டால் முடிவு யாருடையது. பங்கை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டார்ட்அப்களில் பரவலாக உள்ள வழக்கம், நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேர்வது, முதல் வருடம் முடியும்வரை எதுவும் சேராது என்பது. பத்தாவது மாதம் விலகுபவருக்கு ஒன்றும் இல்லை. பதினெட்டாவது மாதம் விலகினால், 48 மாதத்தில் 18 மாதம், அதாவது அவருக்குப் பேசிய பங்கில் 37.5 சதவீதம். நண்பனிடம் போய் இதையெல்லாம் பேசுவதா என்று தயங்காதீர்கள். நட்பைக் காப்பாற்றத்தான் இந்தத் தாள்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று கேட்டுவையுங்கள்

இந்த விஷயத்தில் மாணவர்கள் அடிக்கடி ஏமாந்து போகிறார்கள். கல்லூரி லேபில் செய்த ஒன்று தானாகவே உங்களுடையதாகிவிடாது. அமெரிக்காவில் 1980-இல் வந்த பே-டோல் சட்டம், அரசு நிதியில் நடந்த ஆய்வின் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே சொந்தமாக வைத்துக்கொள்ள வழிசெய்தது. கூகுளின் ஆரம்பகாலத் தேடல் முறைக்கான காப்புரிமைகூட ஸ்டான்ஃபோர்டிடம்தான் இருந்தது. நிறுவனம் உரிமம் பெற்று அதற்கு ஈடாகப் பங்குகளைக் கொடுத்தது. அவற்றை 2005 வாக்கில் விற்றபோது பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 33.6 கோடி டாலர் கிடைத்தது. அதற்கு முன்பே இன்னொரு கதை உண்டு. 1965-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் குழுவினர் விளையாட்டு வீரர்களுக்காகக் கேட்டரேட் பானத்தை உருவாக்கினார்கள். அது விற்கத் தொடங்கியதும் உரிமை யாருக்கு என்று வழக்கே நடந்தது. கடைசியில் உரிமைத்தொகையில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கு என்று முடிந்தது.

விதி நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதனால் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்திலோ ஆய்வுப் பிரிவிலோ போய் இதைக் கேளுங்கள்: வகுப்பு புராஜெக்ட்டில் செய்தது யாருடையது? நிதி பெற்ற ஆய்வில் உதவியாளராக இருந்தபோது செய்தது யாருடையது? லேப் உபகரணத்தைப் பயன்படுத்தினால் விதி மாறுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கருத்தரங்கிலோ போட்டி மேடையிலோ கண்டுபிடிப்பை விளக்கிவிட்டால், பல நாடுகளில் அதற்குப் பிறகு காப்புரிமை கிடைக்காது. அமெரிக்கா போன்ற சில நாடுகளில் மட்டும் ஒரு வருட அவகாசம் உண்டு. போஸ்டர் ஒட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

போட்டிகளுக்குப் போகலாமா?

போகலாம், தப்பில்லை. எம்ஐடி-யில் மாணவர் தொழில்முனைவுப் போட்டி 1990-இலிருந்து நடக்கிறது. இணையதளங்கள் வேகமாகத் திறக்க உதவும் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் 1998-இல் அதில் இறுதிச் சுற்றுவரை வந்தார்கள், பரிசு வாங்கவில்லை. நடுவர்களின் கேள்விகளுக்காகப் போங்கள். கோப்பைகளுக்காக ஊர் ஊராக அலையும் குழுக்கள் வாடிக்கையாளரைப் பார்க்க நேரமில்லாமல் போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

படிப்பை விட்டுவிடலாமா?

மைக்கேல் டெல் 1984-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும்போதே அவருடைய கணினி வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. பில் கேட்ஸ் ஹார்வர்டில் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார், நேரம்தான் போதவில்லை என்றால் ஒரு செமஸ்டர் விடுப்பு கேளுங்கள். வாடிக்கையாளரே இன்னும் வரவில்லை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாற்பது பக்க வணிகத் திட்டத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். எத்தனை பேரிடம் பேசினார்கள், எந்த நம்பிக்கை பொய்யானது, அதனால் எதை மாற்றினார்கள் என்பதற்குப் போடுங்கள். ஒரு செமஸ்டரில் முடிந்துபோகும் புராஜெக்ட்டை அடுத்த செமஸ்டரிலும் தொடர விடுங்கள். இரண்டு துறை மாணவர்களை ஒரே குழுவில் போடுங்கள். நேர அட்டவணை இடிக்கும், இருந்தாலும் செய்யுங்கள். விருந்தினராக ஜெயித்தவரை அழைக்கும்போது, கடையை மூடிய ஒருவரையும் சேர்த்து அழையுங்கள். இரண்டாவது நபரிடம்தான் மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்பார்கள்.

இந்த வாரமே தொடங்க

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில், தாங்கக்கூடிய இழப்பு எவ்வளவு என்று இரண்டு எண்கள்: பணம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். இரண்டாம் பக்கத்தில், உங்கள் துறைப் படிப்பு யாருடைய அன்றாட வேலையைத் தொடுகிறதோ அப்படிப்பட்ட ஐந்து பேர். இயந்திரவியல் என்றால் பட்டறை நடத்துபவர், தாவரவியல் என்றால் நாற்றங்கால் வைத்திருப்பவர், கணினி என்றால் நாள் முழுக்கத் தரவு உள்ளிடுபவர். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமைக்குள் முதல் ஆளைப் பார்த்துவிடுங்கள். “நேற்று உங்கள் வேலையில் எது அதிக நேரத்தைத் தின்றது?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.